முதலில் சிவக்கும் மரம்: டுப்பெலோவை அடையாளம் காண்பது எப்படி?

வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், ஆகஸ்ட் மாதம் முடியும் தறுவாயில், காட்டோரச் சாலைகளில் ஒரு வியப்பைக் காணலாம். சுற்றிலும் உள்ள மேப்பிள்களும் ஓக்குகளும் கோடையின் கரும்பச்சையிலேயே நிற்க, இடையில் ஒரே ஒரு மரத்தின் ஏதோ ஒரு கிளையில் மட்டும் நாலைந்து இலைகள் செக்கச்செவேலெனச் சிவந்திருக்கும். மரத்துக்கு நோய் கண்டுவிட்டதோ என்று ஐயுறும்படி தொடங்கும் இந்தச் சிவப்பு, செப்டம்பரில் கிளை கிளையாகப் பரவி, அக்டோபரில் மரம் முழுவதையும் பற்றிக்கொள்ளும். அருகில் சென்று பார்த்தால், இலையில் மேப்பிளின் விரல் போன்ற மடல்கள் இல்லை. ஓக்கின் வளைவுகள் இல்லை. விளிம்பில் பற்கள்கூடப் பெரும்பாலும் இல்லை. இலை வரையச் சொன்னால் குழந்தைகள் வரைந்து காட்டும் வடிவம் எதுவோ, அதுவே இந்த இலையின் வடிவம். மரத்தின் பெயரைத் தேடுவோர் தடுமாறுவதும் இந்த எளிமையினால்தான்.

இம்மரம் டுப்பெலோ. பிளாக் டுப்பெலோ, பிளாக் கம், சவர் கம், பெப்பரிட்ஜ் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரும் இதற்கு உண்டு. மெய்ன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலிருந்தும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தென்கோடியிலிருந்தும் தொடங்கி, தெற்கே ஃபுளோரிடா வரையிலும் மேற்கே டெக்சாஸின் கிழக்குப் பகுதி வரையிலும் இது இயல்பாக வளர்கிறது. நிஸ்ஸா சில்வாட்டிக்கா என்னும் அறிவியல் பெயரை இதற்கு 1785ஆம் ஆண்டில் வழங்கியவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த தாவரவியலாளர் ஹம்ஃப்ரி மார்ஷல். நிஸ்ஸா என்பது கிரேக்கத் தொன்மத்தில் வரும் ஒரு நீர்த்தேவதையின் பெயர். சில்வாட்டிக்கா என்றால் காட்டுக்குரியது என்று பொருள். டுப்பெலோ என்ற சொல் அந்நிலத்தின் தொல்குடிகளான மஸ்கோகி மக்களின் மொழியிலிருந்து வந்தது. மரம், சதுப்பு ஆகிய இரண்டு சொற்கள் சேர்ந்து அது உருவாயிற்று. எல்விஸ் பிரெஸ்லி பிறந்த மிசிசிப்பி மாநில ஊரான டுப்பெலோவும் இந்த மரத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. பிளாக் கம் என்னும் பெயரில் கம் என்பது பிசினைக் குறிப்பதாகத் தோன்றினாலும், மரத்தை எங்கே கீறினாலும் சொல்லிக்கொள்ளும்படியான பிசின் எதுவும் வடிவதில்லை. பெயரை நம்பிப் பிசினைத் தேடியே இதை வேறு மரமென முடிவுசெய்தவர்கள் இருந்திருக்கக்கூடும்.

இலையுதிர்காலத்தில் ஒரு மரத்தை அடையாளம் காண முற்படுவோர் அனைவரும் நிறத்திலிருந்தே தொடங்குகின்றனர். மரம் நம் கண்ணில் பட்டதே நிறத்தால்தான் என்பதால் அது இயல்பே. ஆயினும் பெயரைத் தீர்மானிப்பதில் நிறத்தைப்போல் ஏமாற்றும் சான்று வேறில்லை. ஒரே டுப்பெலோ மரத்தில் ஒரே நாளில் மஞ்சள், ஆரஞ்சு, இரத்தச் சிவப்பு, கருஞ்சிவப்பு ஆகிய அனைத்தும் இருக்கக்கூடும். சிவப்பு மேப்பிள், ஸ்கார்லெட் ஓக், சவர்வுட், சசாஃப்ராஸ், சுமாக் ஆகியவையும் இதே வண்ணங்களைக் காட்டக்கூடும். தூரத்திலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தில் சிவந்த மரம் ஒன்று நின்றால், அதை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் விடை கிடைப்பது அரிது. நிறத்தை ஓர் அழைப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மரத்தின் கீழே சென்று ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பார்ப்பதே வழி.

குச்சியில் முதலில் கவனிக்க வேண்டியது இலைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதாகும். ஒரே கணுவில் இரண்டு இலைகள் நேருக்கு நேர் நின்றால் அது எதிரிலை அமைவு. கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி நின்றால் அது மாற்றிலை அமைவு. கிழக்கு வட அமெரிக்கக் காடுகளின் பெரிய மரங்களில் எதிரிலை அமைவு கொண்டவை மிகச் சிலவே. மேப்பிள், ஆஷ், டாக்வுட் என்னும் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளோடு (M, A, D) பக்கையின் முதல் அசையையும் சேர்த்து 'மேட் பக்' என்று அங்குள்ள மாணவர்கள் மனப்பாடம் செய்வர். கேட்டல்பா போன்ற ஓரிரு மரங்கள் இந்த வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை என்றாலும், தொடக்கநிலையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்றில்லை. டுப்பெலோவில் மாற்றிலை அமைவு என்பதால், இந்த ஒரே கேள்வியில் சிவப்பு மேப்பிள், சர்க்கரை மேப்பிள், வெள்ளை ஆஷ் ஆகிய மூன்று பெரும் போட்டியாளர்களும் விலகிவிடுகின்றன. நெருங்கிய உறவான டாக்வுட்டும் விலகுகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. டுப்பெலோவின் இலைகள் குச்சியின் நுனியிலும், பக்கவாட்டில் முளைக்கும் குறுங்கிளைகளிலும் நெருக்கமாகக் கூடி நிற்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவை எதிரெதிராகவோ வட்டமாகவோ அமைந்திருப்பதாகத் தோன்றும். ஆகவே நுனியை விட்டுவிட்டு, வேகமாக நீண்டு வளர்ந்த ஒரு குச்சியின் நடுப்பகுதியில் கணுக்களைப் பார்க்க வேண்டும்.

இலையைப் பொறுத்தவரை, அது ஒரு தனி இலை. பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை அன்று. ஏறத்தாழ 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளம், நடுப்பகுதியிலோ சற்று மேலேயோ அதிக அகலம், சிறு கூர்நுனி, தடித்துப் பளபளக்கும் மேற்பரப்பு, சற்று வெளிறிய அடிப்பரப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். விளிம்பு பெரும்பாலும் பற்களின்றி இருக்கும். பெரும்பாலும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இளம் மரங்களிலும் வேகமாக வளரும் தளிர்களிலும் நுனிக்கருகே ஒன்றிரண்டு முரட்டுப் பற்கள் தோன்றுவதுண்டு; வழிகாட்டி நூலில் பற்கள் இல்லை என்று படித்தவர் அந்த ஓர் இலையைக் கண்டு வேறு மரத்தைத் தேடிப் போய்விடுவார். கோடையின் பிற்பகுதியில் ஒருவகைப் பூஞ்சையினால் இலையின் மேற்பரப்பில் கருமையும் ஊதாவும் கலந்த புள்ளிகள் தோன்றுவது வழக்கம். சிவந்த இலையில் இந்தக் கரும்புள்ளிகள் மை தெறித்தாற்போல் தெரியும். மரத்தை அவை கொல்வதில்லை. எல்லா டுப்பெலோக்களிலும் இருப்பதில்லையாதலால் இவற்றைத் தீர்மானமான சான்றாகக் கொள்ள முடியாது என்றாலும், ஐயத்துடன் நிற்கும்போது மனத்துக்கு ஒரு தெம்பைத் தரும்.

தீர்மானமான சான்று குச்சியில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு கூரிய கத்தியும் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸும் போதும். முதலில் ஓர் இலையை மெல்லக் கீழ்நோக்கி வளைத்து உதிர்க்க வேண்டும். இலையுதிர்காலத்தில் அது எளிதாக வந்துவிடும். இலைக்காம்பு ஒட்டியிருந்த இடத்தில், குச்சியின் மேல், அரைவட்டமாகவோ இதய வடிவிலோ ஒரு சிறு தழும்பு தெரியும். அதனுள் மூன்று புள்ளிகள் தெளிவாக, ஒன்றிலிருந்து ஒன்று விலகி, ஒரு முகத்தின் இரண்டு கண்களும் வாயும் போல அமைந்திருக்கும். நீரையும் உணவையும் குச்சிக்கும் இலைக்கும் இடையே கடத்திய குழாய்க் கற்றைகள் அறுபட்ட இடங்கள் அவை. அடுத்து, அந்தக் குச்சியை நீளவாக்கில் சாய்வாகச் சீவிப் பார்க்க வேண்டும். குச்சியின் நடுவே ஓடும் மென்மையான பகுதியைத் தாவரவியலார் பித் என்பர். டுப்பெலோவில் அது வெண்மையாகவும் நிறைவாகவும் இருக்கும். அதன் குறுக்கே ஏணிப்படிகளைப் போல, சற்றே கடினமான மெல்லிய தடுப்புகள் அடுத்தடுத்து இருக்கும். கறுப்பு வால்நட்டின் குச்சியைச் சீவினாலும் இத்தகைய தடுப்புகள் தெரியும். ஆனால் அங்கே தடுப்புகளுக்கு இடைப்பட்ட இடம் வெற்றறையாக இருக்கும். இங்கே அவ்விடமும் நிரம்பியிருக்கும்.

இந்த ஏணி அமைப்பு டுப்பெலோவுக்கு மட்டுமே உரியதன்று. டியூலிப் மரத்திலும் பாபா மரத்திலும் அது காணப்படும். ஆயினும் டியூலிப் மரத்தின் குச்சியைக் கணுதோறும் ஒரு மெல்லிய வளையக்கோடு சுற்றியிருக்கும். அதன் இலையோ நுனியைக் கத்தரித்தாற்போல் தோன்றும். பாபாவின் மொட்டுகள் செதில்கள் இன்றி, பழுப்பு மயிர்களால் மட்டும் மூடப்பட்டிருக்கும். ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது என்று தாவரவியலார் வலியுறுத்துவது இதனால்தான். மூன்று புள்ளிகள், குறுக்குத் தடுப்புகள் கொண்ட நிறைவான பித், மாற்றிலை அமைவு, பற்களற்ற விளிம்பு ஆகியவை ஒரே குச்சியில் ஒருங்கே அமைந்தால், அப்போது டுப்பெலோ என்று துணிந்து சொல்லலாம்.

டுப்பெலோவுடன் மிக எளிதாகக் குழப்பிக்கொள்ளப்படும் மரம் அமெரிக்கப் பெர்சிம்மன். கருங்காலிக் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கும் டுப்பெலோவுக்கும் உறவில்லை. ஆனால் இரண்டின் இலைகளும் பற்களற்ற நீள்வட்டம், இரண்டும் மாற்றிலை அமைவு, இரண்டின் முதிர்ந்த பட்டையும் சிறு சதுரக் கட்டிகளாகப் பிளந்திருக்கும். பித்தும் உதவாது, பெர்சிம்மனின் பித்திலும் சில நேரங்களில் அறைகள் காணப்படும். இங்கே இலைத்தழும்பே நீதிபதி. பெர்சிம்மனின் தழும்பில் மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக, பிறை போன்ற ஒரே ஒரு கோடு மட்டும் இருக்கும். மேலும் பெர்சிம்மன் குச்சியில் உண்மையான நுனிமொட்டு இல்லை. டுப்பெலோவில் செம்பழுப்புச் செதில்கள் மூடிய நுனிமொட்டு ஒன்று தெளிவாக இருக்கும். மரத்தில் ஆரஞ்சு நிறப் பழமும், அதன் தலையில் நான்கு மடல் கொண்ட புல்லிவட்டமும் இருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

ஏனைய போட்டியாளர்களை விரைவாகவே விலக்கலாம். சவர்வுட்டின் இலை விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு. கோடையில் பூத்த கொத்துகள் காய்ந்த வெடிகனிகளாக இலையுதிர்காலத்திலும் மரத்திலேயே தொங்கும். சசாஃப்ராஸின் இலைகளில் சில மடலின்றியும், சில ஒற்றைக் கட்டைவிரல் கையுறை போலவும், சில மூன்று மடல்களுடனும் ஒரே மரத்தில் கலந்து நிற்கும். குச்சியைக் கீறினால் நறுமணம் வீசும். ஸ்வீட் கம் பெயரளவில் மட்டுமே உறவு: அதன் இலை ஐந்து முனை நட்சத்திரம், அதன் கனி முட்கள் நிறைந்த உருண்டை, அதில் பிசினும் உண்மையாகவே உண்டு.

இதைவிடக் கடினமானது டுப்பெலோவைத் தன் உடன்பிறப்புகளிலிருந்து பிரித்தறிவது. தென்கிழக்கு மாநிலங்களின் சதுப்பு நிலங்களில் நிஸ்ஸா பேரினத்தைச் சேர்ந்த வேறு சிற்றினங்களும் வளர்கின்றன. நீர் டுப்பெலோவின் இலை மிகப் பெரியது, கனி 2.5 சென்டிமீட்டர் வரை வளர்ந்து தனித்துத் தொங்கும்; நீரில் நிற்கும் அடிமரம் பானைபோல் பருத்திருக்கும். சதுப்பு டுப்பெலோவோ நம் மரத்தை மிகவும் ஒத்தது. பல தாவரவியலார் நெடுங்காலம் அதை இதன் ஒரு வகையாகவே கருதிவந்தனர். ஒடுங்கிய இலை, பெரும்பாலும் இரண்டிரண்டாக அமையும் கனி, கொட்டையின் மேல் எடுப்பான வரிப்பள்ளங்கள் ஆகியவை அதற்குரியவை. பிளாக் டுப்பெலோவின் கொட்டையிலோ வரிகள் மங்கலாகவே இருக்கும். புகழ்பெற்ற டுப்பெலோத் தேனும் நம் மரத்தின் பெயரைக் கொண்டிருந்தாலும், அது பெரும்பாலும் ஃபுளோரிடாவின் அப்பலாச்சிக்கோலா ஆற்றுப் படுகையில் வளரும் ஓகீச்சி டுப்பெலோ என்னும் மற்றோர் உடன்பிறப்பின் பூக்களிலிருந்து கிடைப்பதாகும்.

கனி கையில் கிடைத்தால் வேலை எளிதாகிறது. நீண்ட காம்பின் நுனியில் ஒன்றிலிருந்து மூன்று வரை சேர்ந்து தொங்கும் கருநீலக் கனிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளத்தில், மெல்லிய சதையும் உள்ளே கடினமான கொட்டையும் கொண்டிருக்கும். சவர் கம் என்னும் பெயர் இக்கனியின் புளிப்பினால் வந்தது. ஆனால் கனி இல்லை என்பதற்காக மரத்தை நிராகரித்துவிடக் கூடாது. டுப்பெலோவில் ஆண்பூக்களும் பெண்பூக்களும் பெரும்பாலும் தனித்தனி மரங்களில் பூக்கின்றன, ஆண்மரம் காய்ப்பதில்லை. வசந்தத்தில் இலைகளோடு சேர்ந்து மலரும் பச்சை கலந்த வெண்பூக்கள் கண்ணுக்குத் தென்படாத அளவு சிறியவை. அவற்றைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களைவிடத் தேனீக்களே கெட்டி.

இனி நிறத்துக்கு வருவோம். ஓர் இலை ஏன் சிவக்கிறது என்னும் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எப்படிச் சிவக்கிறது என்பது ஒன்று, எதற்காகச் சிவக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வேதியியல் தெளிவாக விடை சொல்கிறது. பகல்பொழுது சுருங்குவதை உணர்ந்த மரம், இலையில் முதலீடு செய்த பொருள்களைத் திரும்ப எடுக்கத் தொடங்குகிறது. பச்சையம் சிதைக்கப்படுகிறது. அது எப்படிச் சிதைந்து எங்கே போகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சிதைவில் உருவாகும் பொருள்கள் நிறமற்றவையாக இருந்ததே அதற்குக் காரணம். 1991ஆம் ஆண்டில்தான் பெர்ன்ஹார்ட் கிராய்ட்லர், பிலிப் மட்டில் ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் அத்தகைய ஒரு சிதைபொருளின் கட்டமைப்பைக் கண்டறிந்தனர். பச்சை மறைந்ததும், கோடை முழுவதும் அதன் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளித்தெரிகின்றன. பிர்ச் மரங்களின் மஞ்சள் இத்தகையது. அங்கே புதிதாக எதுவும் தோன்றவில்லை, திரை விலகியது, அவ்வளவே.

சிவப்பின் கதை வேறு. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் கோடையில் டுப்பெலோவின் இலையில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. உதிரப்போகும் இலையில், உதிர்வதற்குச் சில வாரங்களுக்கு முன், சர்க்கரையைச் செலவிட்டு மரம் அதைப் புதிதாகத் தயாரித்து, செல்களுக்குள் உள்ள வாக்குவோல்கள் என்னும் நீர்ப்பைகளில் நிரப்புகிறது. இதற்கிடையில் இலைக்காம்பின் அடியில் உதிர் அடுக்கு என்னும் செல்வரிசை உருவாகி, குழாய்க் கற்றைகளைச் சிறிது சிறிதாக அடைப்பதால், இலை தயாரித்த சர்க்கரை வெளியேற முடியாமல் அங்கேயே தேங்குகிறது. வெயில் மிகுந்த பகல், உறைபனி விழாத அளவுக்குக் குளிர்ந்த இரவு என்னும் கூட்டணி அமைந்த ஆண்டுகளில் சிவப்பு உச்சத்தை எட்டுவது இதனால்தான்: வெயில் சர்க்கரையையும் ஆந்தோசயனினையும் பெருக்குகிறது, குளிர் சர்க்கரையின் வெளியேற்றத்தை மட்டுப்படுத்துகிறது. உறைபனி முன்கூட்டியே விழுந்தால் செல்கள் மடிந்து இலை பழுப்பாகிவிடும். மழையும் மேகமூட்டமும் தொடர்ந்தால் மஞ்சளே மேலோங்கும்.

ஒளியின் பங்கை ஒரே இலையில் கண்ணால் காணலாம். முழுதும் சிவந்த கிளையொன்றில், ஓர் இலையின் மேல் மற்றோர் இலை படிந்திருக்கும் இடத்தைத் தேடி, மேலிலையை மெல்ல நகர்த்திப் பார்த்தால், நிழல் விழுந்த பகுதி மட்டும் மஞ்சளாக, மேலிலையின் விளிம்பை அச்செடுத்தாற்போல் எல்லை வகுத்திருப்பதைச் சில இலைகளில் காணலாம். அந்த இடத்தில் பச்சையம் சிதைந்தது. ஆனால் ஒளி படாததால் ஆந்தோசயனின் உருவாகவில்லை. மரத்தின் வெளிப்புற உச்சி சிவந்திருக்க, உட்புறம் மஞ்சளாக நிற்பதும் இதே காரணத்தினால்தான். ஒரே மரத்தில் பல வண்ணங்கள் ஏன் என்ற கேள்விக்கு இதைவிட எளிய செயல்முறை விளக்கம் இல்லை.

எதற்காகச் சிவக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடுகள் தொடங்குகின்றன. உதிரப்போகும் இலைக்கு வண்ணம் பூசுவது மேலோட்டமாகப் பார்த்தால் வீண்செலவு. பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டனும் சாமுவேல் பிரவுனும் 2001இல் வெளியிட்ட கட்டுரை, அடர்ந்த நிறம் என்பது அசுவினி போன்ற பூச்சிகளுக்கு மரம் விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம் என்றது: நான் வலுவாக இருக்கிறேன், என்னிடம் முட்டையிட வராதே என்பதே அதன் உட்பொருள். ஹாமில்டன் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அசுவினிகளுக்குச் சிவப்பு நிறம் நம் கண்ணுக்குத் தெரிவதுபோல் தெரிவதில்லை என்பது இக்கருத்தின் மீதான முக்கிய எதிர்வாதங்களுள் ஒன்று.

மற்றொரு விளக்கம் இலையின் உள்ளிருந்தே வருகிறது. மரம் இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ பாதியை உதிர்வதற்கு முன் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த மீட்புப் பணி நடக்கும்போது ஒளிச்சேர்க்கை இயந்திரம் பிரித்துப் போடப்பட்ட நிலையில் இருக்கிறது. அந்நேரத்தில் விழும் கடும் வெயிலைப் பயன்படுத்தவும் முடியாது, தவிர்க்கவும் முடியாது. மிகுதியான ஒளியாற்றல் செல்களைச் சிதைக்கும். ஆந்தோசயனின் இங்கே குடைபோல் நின்று ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது என்பது இந்த விளக்கம். 2003ஆம் ஆண்டில் விஸ்கான்சின் ஆய்வாளர்கள், ஆந்தோசயனினை உருவாக்க இயலாத திடீர்மாற்றச் செடிகளை இயல்பான செடிகளுடன் ஒப்பிட்டபோது, கடும் ஒளியில் சிவக்காத செடிகள் நைட்ரஜனை மீட்பதில் பின்தங்கின. அவர்கள் சோதித்த செடிகளில் டுப்பெலோவின் உறவான டாக்வுட் ஒன்றும் இருந்தது. எனக்கு இதுவே மற்றவற்றைவிட உறுதியான விளக்கமாகத் தோன்றுகிறது; செடியையே நேரடியாகச் சோதித்து எட்டிய முடிவு என்பது அதன் பலம்.

ஆயினும் டுப்பெலோ ஏன் மற்ற மரங்களுக்கு முன்பே, ஆகஸ்டிலேயே, தொடங்கிவிடுகிறது என்பதைக் குடை விளக்கம் மட்டும் தெளிவாக்குவதில்லை. இங்கேதான் பறவைகள் வருகின்றன. எட்மண்ட் ஸ்டைல்ஸ் என்னும் அமெரிக்கச் சூழலியலாளர் 1982இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். டுப்பெலோ, சசாஃப்ராஸ், வர்ஜீனியா கொடி முதலியவை முன்கூட்டியே சிவப்பவை. இவற்றின் கனிகள் சிறியவை, கருமையானவை, இலைகளுக்குள் எளிதில் மறைந்துவிடுபவை, கொழுப்புச் சத்து நிறைந்தவை. தெற்கு நோக்கி இடம்பெயரும் பறவைகளுக்குக் கொழுப்பே எரிபொருள். ஆனால் அறிமுகமில்லாத காட்டின் மேல் பறக்கும் பறவைக்குக் கருநீலக் கனி தெரியாது, பச்சைக்கு நடுவே சிவந்த கிளை தெரியும். ஆகவே சிவந்த இலை கனிக்கு ஏற்றிய கொடி என்றார் அவர். த்ரஷ் இனப் பறவைகளும் ராபின்களும் வாக்ஸ்விங்குகளும் டுப்பெலோக் கனிகளைக் கொத்தித் தின்று கொட்டைகளை வெகுதொலைவில் இட்டுச் செல்வது உண்மை. ஆனால் கொடியைக் கண்டுதான் அவை வருகின்றனவா என்பதைச் சோதித்த ஆய்வுகள் ஒருமித்த விடையைத் தரவில்லை. கனியே இல்லாத ஆண்மரமும் ஏன் அதே நேரத்தில் சிவக்க வேண்டும் என்னும் கேள்வியும் எஞ்சி நிற்கிறது. காரணம் எதுவாயினும், அடையாளம் காண்பவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: எந்த நிறம் என்பது பயனற்ற கேள்வியாக இருக்கலாம், எப்போது சிவந்தது என்பது பயனுள்ள கேள்வி. அண்டை மரங்கள் பச்சையாக நிற்கும்போது பளபளப்பான, பற்களற்ற இலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்தால், டுப்பெலோவை முதல் ஐயமாகக் கொள்வதில் தவறில்லை.

நிழலுக்காக இதை நடுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தோட்டத்தில் இது பொதுவாக 10 முதல் 15 மீட்டர் வரை மெதுவாக வளர்கிறது. காட்டில் 30 மீட்டரையும் தொடும். இளமையில் கூம்பு வடிவம் கொண்டு, முதுமையில் தலை அகன்று நிழல் பரப்பும். ஆழமான ஆணிவேர் கொண்ட மரமாதலால் பெரிய கன்றைத் தோண்டி இடம்மாற்றினால் பிழைப்பது கடினம். தொட்டியில் வளர்ந்த சிறு கன்றையே நட வேண்டும். அமிலத்தன்மையுள்ள ஈரமண் இதற்கு உவப்பானது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நட்டால் இலை வெளிறி மஞ்சளாகி மரம் தேயும். அந்த மஞ்சள் இலையுதிர்கால மஞ்சள் அன்று, இரும்புச் சத்தை உறிஞ்ச முடியாத பட்டினியின் அடையாளம். விதையிலிருந்து வளர்ந்த மரங்களிடையே சிவப்பின் ஆழம் மரத்துக்கு மரம் வேறுபடும் என்பதால், வண்ணமே முதன்மை என்போர் இலையுதிர்காலத்திலேயே நாற்றுப்பண்ணைக்குச் சென்று, சிவந்து நிற்கும் கன்றைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இலைகள் உதிர்ந்த பின்னரும் அடையாளம் காண வழியுண்டு. சொல்லப்போனால் அப்போதுதான் மரத்தின் உருவம் தெளிவாகத் தெரிகிறது. நேராக உயரும் ஒற்றை நடுமரம், அதிலிருந்து ஏறக்குறைய செங்கோணத்தில் கிடையாக நீளும் பல கிளைகள், அவற்றின் மேல் முள்போல் நெருங்கி நிற்கும் குறுங்கிளைகள் ஆகியவை டுப்பெலோவின் குளிர்கால உருவம். முதிர்ந்த மரத்தின் பட்டையைப் பலரும் முதலையின் முதுகோடு ஒப்பிடுவர். ஆழமான பிளவுகளுக்கிடையே சதுரம் சதுரமாகப் புடைத்த கட்டிகளைக் கண்டவர்களுக்கு அந்த ஒப்புமை மிகையாகத் தோன்றாது. உள்ளே மரத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கோடரிக்கு இது எளிதில் பிளப்பதில்லை. விறகுக்கு ஆகாத அதே குணம் கொட்டாப்புளிக்கும் உருளைகளுக்கும் சக்கரக் குடத்துக்கும் ஏற்றதாயிற்று. மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் இதற்குப் பீட்டில்பங் என்றே பெயர். பீட்டில் என்பது கொட்டாப்புளி, பங் என்பது பீப்பாயின் அடைப்பான். முதிர்ந்த மரங்களில் உள்மரம் உளுத்துக் குழலாகிவிடுவது சாதாரணம். தென்மாநிலங்களில் அத்தகைய குழல்களை அறுத்துத் தேன்கூடுகளாகப் பயன்படுத்தினர். தேன்கூட்டுக்கே கம் என்று பெயர் வழங்கியதும் அதனால்தான்.

உள்ளே குழலானாலும் மரம் சாவதில்லை. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் சில சதுப்பு நிலங்களில் 650 ஆண்டுகளைக் கடந்த டுப்பெலோக்கள் இன்றும் நிற்கின்றன. கிழக்கு வட அமெரிக்காவின் பூக்கும் மரங்களில் இவ்வளவு காலம் வாழ்வது வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. வெட்டி விற்கத் தகுதியற்ற கட்டை, வண்டி நுழைய முடியாத சேறு என்னும் இரண்டும் சேர்ந்தே அவற்றைக் காப்பாற்றின. அங்கே நிற்பவருக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன குச்சிச் சோதனை உதவாது. மிகத் தாழ்ந்த கிளையே தலைக்கு வெகு மேலே இருக்கும். உச்சி காற்றிலும் பனியிலும் முறிந்து, எஞ்சிய சில கிளைகளில் மட்டும் இலைகள் இருக்கும். கைக்கு எட்டுவது பட்டை ஒன்றுதான்: பிளவுக்குள் விரல்கள் முழுதாக நுழையும் அளவுக்கு ஆழ்ந்த, பாசி படிந்த, முதலை முதுகுப் பட்டை. அக்டோபரில் போனால் மட்டும், அடிமரத்தைச் சுற்றிய கரிய நீரின் மேல், பற்களில்லாத சிவந்த இலைகள் சில மிதந்துகொண்டிருக்கும்.